இடது பக்கம் ஒரு விரல்

இடது பக்கம் ஒரு விரல் இறங்கியிருக்கிறது என்று மச்சானிடம் சொன்னேன். எங்கள் தொழிலில் தினமும் சொல்கிற வாக்கியம் அது. அவர் ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில், விளம்பரப் பலகையின் இரும்புச் சட்டத்தில் தொற்றிக்கொண்டிருப்பார். நான் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நடைபாதையில் நின்று, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி அளந்து பார்த்து, போனில் அவர் காதுக்குள் சொல்வேன். ஏற்றுங்கள், இறக்குங்கள், போதும். பலகையோடு ஒட்டிக்கொண்டிருப்பவருக்கு அது நேராக இருக்கிறதா என்று தெரியாது. கீழே நிற்பவனை நம்பித்தான் ஆக வேண்டும்.

“ஒரு விரலா, ரெண்டு விரலா மாப்ள?” என்று கேட்டார்.

ஒரு விரல்தான் என்றேன். “சரி, போறேன்” என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நேராகக் கேட்கவில்லை. மாதக் கடைசியில் ஒட்டடையை எப்படி முந்தினாய் என்று கேட்கிறீர்கள். போனில் கார்ப் பந்தயம் ஆடும் நம் குழுவில், மாதத்தில் அதிகப் புள்ளி எடுத்து முதலிடம் பிடித்தவர், எப்படி ஜெயித்தேன் என்று மற்றவர்களுக்கு எழுதியாக வேண்டும். துக்க வீடு என்பதால் எனக்குத் தவணை கொடுத்தீர்கள். நன்றி. இப்போது எழுதிவிடுகிறேன்.

ஒட்டடை என்பது மச்சான், என் அக்காவின் கணவர். எப்போது பார்த்தாலும் உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறார் என்று அக்கா வைத்த பெயர்; அதையே விளையாட்டிலும் போட்டுக்கொண்டார். ஒற்றுப்பிழை நான். பலகைகள் அச்சுக்குப் போகும் முன் எழுத்துப் பிழை திருத்துவது என் வேலை. “உன் பொழப்பே ஒரு புள்ளியிலதான் மாப்ள ஓடுது” என்று சொல்லி அந்தப் பெயரை எனக்குச் சூட்டியவர் மச்சான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாதாமாதம் ஒட்டடை எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டு, என்ன அழகாக எழுதுகிறார் என்று பாராட்டினீர்களே, அவற்றை எழுதியது நான். அவர் சாப்பிட்டுக்கொண்டே சொல்வார், நான் எழுதுவேன். பாராட்டுகளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி மறுசோறு போட்டுக்கொள்வார்.

புதியவர்களும் இருப்பதால் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

நேர்ச் சாலை, இரண்டு தடம், இரண்டு கார். திருப்பம் இல்லை, பிரேக் இல்லை. முதலில் கோட்டைத் தாண்டுகிறவர் ஜெயித்தவர். ஒரு பந்தயம் ஒரு நல்ல கொட்டாவிக்குள் முடிந்துவிடும். கிளம்பும் வரை வலது கட்டைவிரலில் ஆக்சிலேட்டர். கிளம்பியபின் அது தானாகவே அழுந்தியிருக்கும்; அந்த விரலுக்கு, வேகத்தைத் திடீரென்று கூட்டும் நைட்ரோ பட்டன் மட்டும்தான் வேலை. இடது கட்டைவிரல் கியருக்கு. ஆக, இரண்டு கையும் வேண்டும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

காசு சேர்ந்ததும் பெயின்ட் அடிக்க ஓடாதீர்கள். நான் அந்தத் தவறைச் செய்தேன். கிளிப்பச்சை அடித்து, கதவில் தீச்சுவாலை ஒட்டி, பின்னால் ஒரு றெக்கை வைத்தேன். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, இது ஓடுமா இல்லை முட்டை போடுமா என்றாள். மச்சானின் கார் கடைசிவரை விளையாட்டில் கொடுத்த அதே சாம்பல் நிறம்தான். காசு முழுவதும் டயருக்குப் போனது. டயர்தான் முதலில், எஞ்சின் பிறகு. டயர் சரியில்லாமல் எஞ்சினை மட்டும் பெரிதாக்கினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று புகை கிளப்பும். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். எதிராளி பாதிச் சாலையைக் கடந்திருப்பார்.

கிளம்புவது ஒரு கலை. கிளம்பச் சொல்லும் விளக்கு எரிவதற்கு முன்பே ஆக்சிலேட்டரை விட்டு விட்டு அழுத்தி, எஞ்சின் வேகத்தைக் காட்டும் முள்ளைப் பச்சைக் கோட்டுக்குள் நிறுத்துங்கள். பால் பொங்கி விளிம்புக்கு வந்து, வழியலாமா வேண்டாமா என்று யோசிக்குமே, அந்த இடம். மச்சானுக்கு அது கைவந்தது. அவருடைய கார் கிளம்புவதைப் பார்த்தால் எரிச்சலை மறந்து சிரிப்பு வந்துவிடும், அவ்வளவு சுத்தம்.

பிறகு கியர். முள் பச்சையைத் தொட்டதும் மாற்ற வேண்டும். முந்தினால் கார் சோம்பிவிடும். பிந்தினால் முள் சிவப்புக்குப் போய் எஞ்சின் வெறுமனே அலறும், வேகம் ஏறாது. சரியாக விழுந்த ஒரு கியர் மாற்றம் உள்ளங்காலில் ஒரு குறுகுறுப்பாகத் தொடங்கி உச்சந்தலையில் போய் முடியும். ஒரு நல்ல வாக்கியத்தில் உட்கார்ந்திருக்கும் தவறான ஒற்றைப் பிடுங்கிப் போடும்போது எனக்கு இதில் கால்வாசிதான் கிடைக்கிறது. இரண்டாவது கியர் விழுந்த பிறகு நைட்ரோ, முன்னால் வேண்டாம். அவ்வளவுதான்.

எதிராளியைப் பார்க்காதீர்கள். பக்கத்துத் தடத்தில் என்ன நடந்தாலும் உங்கள் கண் முள்ளை விட்டு விலகக் கூடாது. பார்த்தவன் தோற்றான். மச்சான் வாயால் சொல்லி, என் கையால் எழுதி, நீங்கள் எல்லாரும் பலமுறை படித்த குறிப்பு இது.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தும் என்னால் அவரை மாத மொத்தப் புள்ளியில் முந்த முடியவில்லை. சில பந்தயம் நான் ஜெயிப்பேன், மாதம் அவருடையதாக இருக்கும். சாயங்காலம் வேலை விட்டு வந்து, ஆளுக்கொரு நாற்காலியில் முட்டி இடிக்க உட்கார்ந்து ஆடுவோம். தோற்றவர் இரவுப் பாத்திரம் கழுவ வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அக்காவுக்கு அதில் பரம திருப்தி. இந்த வீட்டில் ரெண்டு கார் ஓடுது, ஒண்ணுலயும் என்னை ஏத்தினதில்ல, பாத்திரமாவது மின்னட்டும் என்பாள். மின்னியது. அநேகமாக என் கையால். மச்சான் அடுப்படி வாசலில் சாய்ந்து நின்று, பல்குத்திக்கொண்டே என் காரைப் பற்றிப் பேசுவார்.

“உன் வண்டி எழுத்துக்கூட்டிப் படிக்குது மாப்ள. நான் பக்கத்தைத் திருப்பி ரொம்ப நேரமாச்சு.”

நன்றாக இருந்தது அந்தக் கிண்டல். அடுத்த மாதக் குறிப்பில் அவர் பெயரிலேயே அதை எழுதினேன். நீங்கள் சிரித்தீர்கள்.

அவர்மேல் எனக்கு வெறுப்பு இருந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்கு வேலை இல்லாதபோது கூட்டிக்கொண்டு போய் முதலாளியின் முன்னால் நிறுத்தியவர் அவர்தான். படிக்கிறவனுக்கு வெளிச்சம் வேண்டும் என்று ஜன்னல் உள்ள அறையை எனக்குக் கொடுத்துவிட்டு, அவரும் அக்காவும் இருட்டறையில் படுத்தார்கள். மீன் வாங்கினால் நடுத்துண்டு என் தட்டில் விழும். அப்படிப்பட்டவரை ஒரே ஒரு மாதம் முந்த வேண்டும் என்று தோன்றுவது இயற்கைதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

முக்கியமான குறிப்புக்கு வருகிறேன். இது மச்சானுடையது அல்ல, என் சொந்தக் கண்டுபிடிப்பு.

நேரடிச் சவால் என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் சவால் விட்டால் எதிராளியின் போனில் மூன்று முறை ஹார்ன் அடிக்கும். மூன்றாவது அடங்குவதற்குள் அவர் எடுக்காவிட்டால், ஆடாமலே தோற்றவர் ஆகிறார், புள்ளி உங்களுக்கு. ஆகவே எதிராளியின் எஞ்சினை ஆராய்ந்துகொண்டிருக்காதீர்கள். அவருடைய கைகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்.

முதல் முறை அவர் குளித்துக்கொண்டிருந்தார். நான் கூடத்தில் உட்கார்ந்து சவால் விட்டேன். முதல் ஹார்னுக்குக் குளியலறைக் கதவு திறந்து நுரை வழியும் ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. அக்கா தலையில் அடித்துக்கொண்டு போனை அதில் வைத்தாள். ஒரு கண்ணில் சோப்போடு ஆடி ஜெயித்தார். பாதிக் கண்ணுக்கே இப்படியா மாப்ள, இனிமே முழுசா மூடிக்கவா என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

அடுத்தது முடிதிருத்தும் கடை. தொண்டைக்குழியில் சவரக்கத்தி இருக்கிற நேரம் பார்த்து, பக்கத்து நாற்காலியிலிருந்து அழுத்தினேன். கடைக்காரர் கத்தியோடு உறைந்து நிற்க, மச்சான் தலையை அண்ணாந்தபடியே போனை முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு ஆடினார். மோவாய்க்குக் கீழே ஒரு கீறல், மேலே ஒரு துண்டுப் பஞ்சு. அதோடு ஜெயித்தார். கடைக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, தம்பி, இவரோட வர்றதா இருந்தா வேற கடை பாருங்க என்றார்.

பிறகு அக்காவுக்குக் கால் பிசகியது. மச்சான் அவளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். பின்னால் அவளுடைய செருப்பையும் பையையும் ஏந்திக்கொண்டு நான். படியின் பாதியில் அழுத்தினேன். அவர் கொஞ்சமும் யோசிக்காமல் அவளைப் படியில் உட்கார வைத்தார், மெதுவாகத்தான், கண்ணாடிப் பாத்திரம் வைப்பதுபோல. ஆடினார், ஜெயித்தார், மறுபடி தூக்கிக்கொண்டார். அக்கா என் கையிலிருந்த செருப்பைப் பிடுங்கி எங்கள் இருவரையும் அடித்தாள். பாவிங்களா, வலிக்குதுடா என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். மாடி ஏறும்வரை மூவரும் நிறுத்தவே முடியாமல் சிரித்தோம். அதை இப்போது எழுதும்போதும் எனக்கு உதடு பிரிகிறது.

மூன்றிலும் தோற்றேன். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். மச்சான் ஹார்னை விடமாட்டார். எந்த நிலையிலும் விடமாட்டார்.

“எடுத்து ஆடித் தோத்தா அது தோல்வி மாப்ள. எடுக்காம தோத்தா அது கேவலம்.”

இதை அவர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். விசாரணைக்கு வந்தவர்களிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவர்கள் இடுப்புப் பட்டையைப் பற்றிக் கேட்டார்கள், கயிறு எந்த வருடம் வாங்கியது என்று கேட்டார்கள். விளையாட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

மாதத்தின் கடைசி நாள் எங்கள் இருவருக்கும் ஒரே புள்ளி. உங்களுக்கு நினைவிருக்கும், காலையிலிருந்தே குழுவில் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தீர்கள். அன்று எங்களுக்கு நாற்காலிக் கடை ஒன்றின் மொட்டை மாடியில் பலகை ஏற்றும் வேலை. ‘உட்கார்ந்தால் எழ மனம் வராது’ என்று பெரிய எழுத்தில் ஒரு வாசகம். பிழை ஏதும் இல்லை, நான்தான் பார்த்து அனுப்பினேன்.

மேலே ஏறுபவரின் இடுப்புப் பட்டையில் இரண்டு கயிறு, இரண்டு கொக்கி. ஒன்றைக் கழற்றி நகர்த்தும்போது மற்றொன்று மாட்டியிருக்க வேண்டும். அதுதான் விதி, மச்சான் அதை மீறியதே இல்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் இடது மூலையில், தெருவைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், இரும்பு கனமாக இருந்தது. கொக்கியின் வாய்க்கு அது அடங்காது. காலையில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து, டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னார்.

“அந்த மூலையில ஒரே ஒரு எட்டு, ரெண்டு கொக்கியும் இல்லாம தாண்டணும். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, ரெண்டு கையால கெட்டியாப் புடிச்சு. அந்த நேரத்துல மட்டும் பேச்சுக் குடுக்காத மாப்ள.”

நல்லவேளையாக வலது பக்கத்திலிருந்தே எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்றும், பலகை கோணலாக நின்றால்தான் அந்த மூலைக்குப் போக வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். முடித்தார். மத்தியானம் சாய்வதற்குள் பலகை ஏறி நின்றது. நான் எதிர்ப்பக்கம் மின்கம்பத்தின் நிழலில் நின்றேன். அவர் சட்டத்தின் வலது பக்கத்திலிருந்து நேரா இருக்கா மாப்ள என்று கேட்டார். நான் ஒரு கண்ணை மூடிக் கட்டைவிரலை நீட்டினேன். அப்புறம் சொன்னதைத்தான் முதலில் எழுதினேன்.

அவர் இடது பக்கம் நகர்ந்தார். வயிற்றுக்குள் யாரோ கிச்சுகிச்சு மூட்டுவதுபோல் இருந்தது எனக்கு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நாற்காலியில் மையைத் தடவிவிட்டு, அவர் உட்காரப் போகிற நேரத்தில் வருமே, அந்தச் சந்தோஷம். நான் போட்ட கணக்கு இவ்வளவுதான். இரண்டு கையும் இரும்பில் இருக்கும். ஹார்ன் மூன்று முறை அடித்து ஓயும். ஒரு புள்ளி. மறுபக்கம் போய்க் கொக்கியை மாட்டிக்கொண்டு என்னை வாயாரத் திட்டுவார். அன்றிரவு அவர் பாத்திரம் கழுவ, நான் அடுப்படி வாசலில் சாய்ந்து நின்று பல்குத்துவேன். என்ன பேசுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

முதல் கொக்கியைக் கழற்றினார். இரண்டாவதையும் கழற்றினார். காலைத் தூக்கி அந்த ஒரு எட்டை எடுத்து வைத்தார். அழுத்தினேன்.

ஹார்ன் எனக்கும் கேட்டது, போன் இணைப்பில்தான் இருந்தது. போனை எப்போதும் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மார்பில் தொங்கவிட்டிருப்பார். குனிந்து பார்த்திருக்க வேண்டும்.

“டேய் திருட்டுப் பயலே, இங்கயா?” என்றார். சிரித்தார். கோபமே இல்லை அந்தச் சிரிப்பில். நல்ல இடம் பிடித்தாய் என்று மெச்சுகிற சிரிப்பு.

இரண்டாவது ஹார்ன். மூன்றாவது தொடங்கியது. விட்டுவிடுவார் என்று ஒரு நொடி நினைத்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த ஒரு நொடியில் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பிறகு திரையில் ‘எதிராளி தயார்’ என்று வந்தது. முழங்கையை இரும்பில் கொடுத்துக்கொண்டு போனைப் பையோடு கையில் எடுத்துவிட்டார். எனக்குள் எல்லாம் பொங்கி விளிம்புக்கு வந்தது.

விளக்கு எரிந்தது. அவர் கிளம்பியதைப் போல ஒரு கிளம்புதலை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். முள் பச்சையின் நட்டநடுவில். சாம்பல் நிறக் கார் என் கிளிப்பச்சையை மூக்களவு முந்திக்கொண்டு போனது. இரண்டாவது கியரும் அதே சுத்தம். அதற்குப் பிறகு அவர் மூன்றாவதைப் போடவில்லை. பக்கத்துத் தடத்தில் எஞ்சின் அலறுவது காதில் கேட்டது, போட்டிருக்க வேண்டிய கியரைக் கேட்டு. தெருவிலும் ஒரு சத்தம் கேட்டது. லாரியிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினால் வருகிற சத்தம். யாரோ ஒரு பெண் ஐயோ ஐயோ என்றாள்.

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு இன்னும் இரண்டு கியர் பாக்கி இருந்தது.

நைட்ரோ. மூன்றாவது, பச்சை. நான்காவது, பச்சை. வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் ஆடியதில்லை. உடம்பே இல்லாததுபோல் இருந்தது. கோட்டைத் தாண்டினேன், திரை முழுவதும் வண்ணக் காகிதம் கொட்டியது. எனக்குப் பின்னால் சாம்பல் நிறக் கார் இரண்டாவது கியரிலேயே அலறிக்கொண்டு வந்து, ஓட்ட ஆளில்லாமல், அதுவும் கோட்டைத் தாண்டியது. அப்புறம்தான் தலையைத் தூக்கினேன். சட்டத்தில் யாரும் இல்லை. கீழே, கடை வாசலில் கூட்டம் கூடியிருந்தது.

சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கடந்தேன்.

கால் வழுக்கியது என்று முடித்துவிட்டார்கள். அப்படி ஒரு மூலை உள்ள சட்டத்தில் ஆளை ஏற்றியது தப்பு என்று முதலாளி தானாகவே ஒப்புக்கொண்டார். இனி அந்த மாடிக்கு யாரையும் அனுப்பமாட்டேன் என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார். போன் பைக்குள் இருந்ததால் ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்ப வந்தது. அக்கா அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதன் ஹார்ன் சத்தம் வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். நிறுத்திக் கொடுத்தேன்.

வந்தவர்கள் எல்லாம் போன பிறகு ஒரு நாள் கேட்டாள்.

“நீதான கடைசியாப் பேசிக்கிட்டு இருந்த. என்னடா சொன்னாரு?”

“சிரிச்சாருக்கா.”

“எதுக்குச் சிரிச்சாரு?”

“பலகை ஒரு விரல் இறங்கியிருக்குன்னு சொன்னேன்.”

அவள் வெகுநேரம் என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு விரல்தானேடா. போதும், இறங்கி வாங்கன்னு சொல்லியிருக்கக் கூடாதா?”

வேலை என்றால் சரியாக இருக்க வேண்டும் அல்லவா என்றேன். தலையாட்டினாள். அவரும் அப்படித்தான் சொல்வார் என்றாள். அதற்குப் பிறகு நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். ஜெயித்தவன் கழுவ வேண்டியதில்லை, ஆனாலும் வேறு ஆள் இல்லை. மீன் வாங்கினால் நடுத்துண்டை இப்போதும் என் தட்டில்தான் வைக்கிறாள்.

எப்படி ஜெயித்தாய் என்று கேட்டீர்கள், எழுதிவிட்டேன். நான் அவரைத் தொடவில்லை. ஒரு தெருவின் முழு அகலம் எங்களுக்கு நடுவில் இருந்தது. அவர் எடுக்காமல் விட்டிருக்கலாம். ஒரு புள்ளி, அவ்வளவுதானே. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், நன்றாகவே தூங்குகிறேன். அவருடைய அந்தக் கடைசிக் கிளம்புதலை எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று தினமும் ஆடிப் பார்க்கிறேன். சில நாள் கிட்டத்தட்ட வருகிறது. அப்போது சிரிப்பு வந்துவிடுகிறது, பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்கிறேன். பார்த்தவன் தோற்றான்.

நாற்காலிக் கடைப் பலகையை இன்னும் யாரும் கழற்றவில்லை. முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார், அந்த மாடிக்கு ஆள் ஏறவே இல்லை. நேற்று வேலை முடிந்து வரும்போது அதே மின்கம்பத்தின் பக்கத்தில் நின்றேன். ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டிப் பார்த்தேன். இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே மட்டம், ஒரு நூல் பிசகில்லை. அவர் கட்டிவிட்டு, நேரா இருக்கா மாப்ள என்று கேட்டபோது எப்படி இருந்ததோ, அப்படியேதான் இருக்கிறது.